வாதத்தின் முடிச்சு எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் படிக்கிறேன். 'வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது' என்ற கேள்விகளில் கடைசி இரண்டு ஆப்ஷன் வரை சரியாக வந்துவிடுகிறேன். அப்புறம் தவறானதையே டிக் செய்கிறேன். (மாணவி, அல்சூர்)

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் ஊர்க் கடை ஒன்றை வைத்தே பார்ப்போம். இந்திராநகரில் ஒரு டிபன் கடை. எட்டு மணிக்குத் திறந்துகொண்டிருந்தவர்கள் போன மாதம் முதல் ஆறு மணிக்கே திறக்கிறார்கள். விற்பனை கூடிவிட்டது. 'சீக்கிரம் திறந்ததால்தான் கூடியது' என்கிறார் முதலாளி.

(அ) சீக்கிரம் திறப்பதால் கேஸ் செலவும் சம்பளமும் ஏறிவிட்டன.
(ஆ) அதே மாதம் எதிர்க் கடையை மூடிவிட்டார்கள்.
(இ) கூடிய விற்பனை முழுவதும் மாலையில்தான் நடந்தது.

நிறையப் பேர் (அ)வில் விழுகிறார்கள். அது முதலாளிக்குக் கெட்ட செய்திதான். ஆனால் அவர் சொன்ன காரணத்தை அது தொடவே இல்லை. லாபம் குறைந்திருந்தாலும் விற்பனை சீக்கிரம் திறந்ததால் கூடியிருக்கலாமே! (ஆ) வேறொரு காரணத்தைக் காட்டி வாதத்தை ஆட்டுகிறது. ஆனாலும் இரண்டு காரணமும் சேர்ந்து வேலை செய்திருக்க இடம் இருக்கிறது. (இ) வந்ததும் காலை ஆறு மணிக்கும் விற்பனைக்கும் போட்ட முடிச்சே ஏறக்குறைய அவிழ்ந்துவிடுகிறது. 'மிக அதிகமாக' வலுவிழக்கச் செய்வது எது என்று கேட்டால் விடை (இ).

இரண்டு ஆப்ஷன் மிஞ்சும்போது அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். முடிவு சொல்லும் வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். 'இது உண்மையானால், "அதனால்தான்" என்று முன்போல அடித்துச் சொல்ல முடியுமா?' என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்.

ஆப்ஷனில் சொன்னதே நடைமுறையில் பொய் என்று எனக்குத் தெரிந்தால்? (கே.ஆர்.புரம்)

அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்வியிலேயே 'உண்மையெனக் கொண்டால்' என்று இருக்கும். சந்தேகப்பட வேண்டியது வாதத்தை, ஆப்ஷனை அல்ல.

'சில' என்று வரும் ஆப்ஷனை உடனே அடித்துவிடச் சொல்கிறார்கள். சரியா? (மாணவர், சிவாஜிநகர்)

சரியில்லை. இந்தக் குறுக்குவழியால் நல்ல மாணவர்களும் மதிப்பெண் இழப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 'இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் காவிரிக் குழாய் இணைப்பு இருக்கிறது' என்பது முடிவானால், 'சில வீடுகளுக்கு இணைப்பே இல்லை' என்பது அதைச் சாய்த்துவிடும். 'பெரும்பாலான வீடுகளுக்கு' என்று இருந்தால் அதே ஆப்ஷனால் ஒன்றும் ஆகாது. முடிவு எவ்வளவு பெரிதாகப் பேசுகிறது என்று முதலில் பாருங்கள்.

'வலுவிழக்கச் செய்யாதது எது' என்று கேட்டால், வாதத்தை வலுப்படுத்துவதைத் தேட வேண்டுமா?

வேண்டாம். சம்பந்தமே இல்லாத ஆப்ஷனும் விடையாகலாம்.

என் மகன் ஆங்கிலப் பத்தியை மனசுக்குள் தமிழில் மாற்றித்தான் யோசிக்கிறான். அதனால் பின்தங்குவானா? (தாய், ஜெயநகர்)

யோசிப்பது தமிழில் இருக்கட்டும் அம்மா. 'ஏனென்றால்', 'ஆகவே' இரண்டும் எங்கே வருகின்றன என்று அவன் கண்டுபிடித்தால் போதும். நேரம்தான் கவனிக்க வேண்டியது. கிளாட் இளநிலைத் தேர்வில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். கேள்விக்கு ஒரு நிமிடம், பத்தி படிப்பதும் அதற்குள்தான். அதனால் பத்தி முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டாம், முடிவு வாக்கியத்தை மட்டும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறான விடைக்கு கால் மதிப்பெண்தான் போகும். நான்கில் இரண்டை நியாயமாகக் கழித்துவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம்.