தண்ணி வேணுமா? – ஆட்டிசம் குறித்த கேள்வி பதில்

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுதுபவள் இல்லை. குழந்தைகளைப் பார்த்து, பெற்றோரிடம் கேட்டு, மதிப்பீடு எழுதுவது என் வேலை. ஆட்டிசம் பற்றி, அதாவது பிறரோடு பழகுவதிலும் பரிமாறிக்கொள்வதிலும் சிறு வயதிலிருந்தே சிரமம் தரும் வளர்ச்சி வேறுபாடு பற்றி, ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டிவிடாதீர்கள். நேரில் பார்க்காமல் நானும் சூட்டப்போவதில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 2 வயசு 3 மாசம். இன்னும் ஒரு வார்த்தை வரலை. பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். ஆனா பக்கத்து ரூம்ல பிஸ்கட் கவர் பிரிச்சா ஓடி வர்றான். மாமியார், "இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான், பொறு"ங்கறாங்க. பொறுக்கலாமா மேடம்?

பொறுக்க வேண்டாம்மா. மாமியார் சொல்வதும் பொய்யில்லை. தாமதமாகப் பேசி, பிறகு மளமளவென்று பேசும் பிள்ளைகள் உண்டு. ஆனால் நான் முதலில் கேட்பது பேச்சைப் பற்றி இல்லை, விரலைப் பற்றி.

மொட்டை மாடியில் நிலா காட்டிச் சோறு ஊட்டுகிறீர்கள். "அதோ பாரு" என்று கை நீட்டினால் அவன் பார்வை உங்கள் விரலோடு நின்றுவிடுகிறதா, நிலா வரைக்கும் போகிறதா? போய்விட்டு, "பாத்தியா!" என்பதுபோல உங்கள் முகத்துக்குத் திரும்புகிறதா? காக்காயைக் கண்டால் தானே விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? பேச்சு தாமதமாகும் பிள்ளை மற்ற எல்லா வழியிலும் பேசிவிடும்: விரலால், கண்ணால், தலையாட்டி, இழுத்துப்போய். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளும் இழுத்துப்போவார்கள்தான். ஆனால் உங்கள் கையை ஒரு கரண்டி மாதிரிப் பிடித்து ஃபிரிட்ஜ் கதவில் வைப்பார்கள். முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 18 மாதத்துக்குள் இப்படிச் சுட்டிக்காட்டல் வரவில்லை என்றால் அதுவே போதுமான காரணம், போய்ப் பார்ப்பதற்கு.

பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வருவதால் காது கேட்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். பேச்சொலிகளை மட்டும் சரியாகக் கேட்காத செவிக் குறைபாடும் உண்டு. முதல் வேலை காதுப் பரிசோதனை. இந்த வயதுக்கு பெரா டெஸ்ட் எடுப்பார்கள். கூடவே குழந்தை மருத்துவரிடம் எம்-சாட் கேள்வித்தாள் கேளுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள், தமிழிலும் உண்டு. அது சல்லடை மட்டுமே; அதில் மாட்டினாலே ஆட்டிசம் என்று பொருளில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை மையத்தைக் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. பெயர் முடிவாகும் வரை காத்திராமல் ஸ்பீச் தெரபியைத் தொடங்கிவிடுங்கள். பிறகு ஆட்டிசம் இல்லை என்று தெரிந்தாலும், அந்த மாதங்களில் அவனோடு விளையாடியதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மதுரை, ஒரு அப்பா: ரத்தப் பரிசோதனை இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. ஒரு மணி நேரம் விளையாட விட்டுப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எப்படி நம்புவது?

ரத்தத்திலோ மூளைப் படத்திலோ ஆட்டிசம் தெரியாது. ஸ்கேன் எடுத்துத்தான் சொல்வோம் என்று யாராவது சொன்னால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். வலிப்பு இருந்தால் இ.இ.ஜி., மரபணுக் காரணம் இருக்கும் என்று தோன்றினால் மரபணுச் சோதனை என்று தேவைக்கேற்ப எழுதுவார்கள். அவை கூட வரும் சிக்கல்களைத் தேட.

கண்டறியும் முறை இதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, பழகுவதிலும் பரிமாறிக்கொள்வதிலும் மூன்று விதச் சிரமங்களும் இருக்க வேண்டும்: கொடுத்து வாங்கும் பேச்சும் உறவும், கண்-முகம்-சைகை, சிநேகம் பிடிப்பது. அடுத்து, திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்காதது, ஒன்றிலேயே மூழ்குவது, ஒலி-ஒளி-தொடுகை போன்ற புலன்களில் அதீதமோ மந்தமோ – இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும்.

அதனால் உங்களைக் கேட்காமல் குழந்தையை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் என் கணக்கில் அது பாதி வேலை. விளையாட்டில் தெரிவது ஒரு பங்கு; வீட்டிலிருந்து வரும் கதை மறுபங்கு. ஒரு உதாரணம் சொல்கிறேன். தாகம் எடுத்தால் "தண்ணி வேணும்" என்று சொல்லாமல் "தண்ணி வேணுமா?" என்று கேட்கும் பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அம்மா எப்படிக் கேட்பாளோ அதே ராகத்தில், அப்படியே. அது கேள்வி இல்லை, காதில் விழுந்ததை முழுசாக எடுத்துவைத்துத் தேவைப்படும்போது நீட்டுவது. என் அறைக்கு வந்த அன்று அந்தப் பிள்ளைக்குத் தாகமே எடுக்காமல் போகலாம். நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். மிக்ஸி போட்டால் காதைப் பொத்துகிறானா, கல்யாண மண்டபத்தில் என்ன ஆகிறான், பள்ளிக்கு வேறு தெரு வழியாகப் போனால் அழுகிறானா – எழுதி எடுத்துப் போங்கள். செல்போனில் சின்ன வீடியோக்கள் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றை அவர்கள் கேட்கவே இல்லை என்றால் வேறு இடத்தில் இன்னொரு கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

சேலம், அம்மா: ஐ.எஸ்.ஏ.ஏ. ஸ்கோர் 84, மைல்டு என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. மைல்டு என்றால் சரியாகிவிடும்தானே?

ஐ.எஸ்.ஏ.ஏ. என்பது ஆட்டிசத்தை அளக்க இந்தியாவிலேயே தயாரான அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70–106 மைல்டு, 107–153 மாடரேட், அதற்கு மேல் சிவியர். ஊனச் சான்றிதழுக்கு இந்த எண்தான் அடிப்படை. இதிலிருந்து கணக்கிடும் ஊன அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

ஆனால் அது இன்றைய நிலையின் எண். நாளை என்ன ஆவான் என்பது அதில் இல்லை. 84 எடுத்த பிள்ளை வகுப்பில் தினமும் உடைந்து அழுவதையும், 120 எடுத்தது நான்கு வருடத்தில் பஸ் ஏறித் தனியாக வருவதையும் பார்த்திருக்கிறேன். "மைல்டு" என்று எழுதிவிட்டால் வீட்டில் தெரபியைக் குறைத்துவிடுகிறார்கள்; அதுதான் எனக்கு அந்தச் சொல்லின் மேல் கோபம்.

(அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு "புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து அழ வேண்டாம். யார் வைத்த பெயரோ! மிக்ஸி சத்தத்துக்கே உடம்பு நடுங்கும் பிள்ளைக்குப் புற உலகம் எட்டவில்லை என்று எப்படிச் சொல்வது?)

நாகர்கோவில்: செல்போன் பார்த்ததால் வருவது "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்கிறார்களே? போனைப் பிடுங்கிவிட்டால் போதுமா?

அப்படி ஒரு நோய்ப்பெயர் எந்தக் கையேட்டிலும் இல்லை. நாளெல்லாம் திரையைப் பார்க்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும், கூப்பிட்டால் திரும்பாது. திரையை நிறுத்தி ஆள் பேசினால் சில பிள்ளைகள் வேகமாகத் தேறும். அவர்களுக்கு இருந்தது ஆட்டிசம் இல்லை என்பதே என் கருத்து. நிஜமாகவே ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் திரை பிடித்துப்போகும், ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். மனிதர்கள் அப்படி இல்லை. போனைக் குறையுங்கள். குறைத்து ஒரு மாதத்தில் தெரியும் என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு தாத்தா, தஞ்சாவூர்: பேரன் ஒன்றரை வயது வரை நாலைந்து வார்த்தை பேசினான். தடுப்பூசி போட்ட பிறகு நின்றுவிட்டது. அந்த ஊசிதான் காரணம் என்று எனக்கு உறுதி.

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மை. வந்த பேச்சு நின்றுபோவது ஆட்டிசத்தில் கணிசமான பிள்ளைகளுக்கு நடப்பதுதான், பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில். நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசி போடுவது 16–24 மாதத்தில். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்று மற்றதைச் செய்தது போலத் தெரிகிறது.

இந்தப் பயம் பரவியது 1998இல். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தட்டம்மை-மம்ப்ஸ்-ரூபெல்லா ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு, 12 குழந்தைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. காரணத்தில் பெரும்பங்கு மரபணு. பேச்சு நின்றது மட்டும் அவசரமான விஷயம்; இந்த வாரமே காட்டுங்கள்.

கோவை, 34 வயது, ஐ.டி. வேலை: என் மகளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அவளுக்குக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் எனக்கும் "ஆமாம்" என்றே வந்தது. கல்யாண வீட்டுக்குப் போகும் முன்னால் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பேன். வந்ததும் இரண்டு நாள் யாரோடும் பேச முடியாது. இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

உங்களைப் போலத் தன் பிள்ளையின் மதிப்பீட்டில் தன்னைக் கண்டுகொள்ளும் அம்மாக்களும் அப்பாக்களும் எனக்குப் புதிதில்லை. ஆட்டிசம் கண்டறியப்படுவோரில் ஆண்கள் மூன்று நான்கு மடங்கு என்பது பழைய கணக்கு. தேடிப் பார்த்தால் அந்த இடைவெளி குறைகிறது. பெண் பிள்ளை அமைதியாக இருந்தால் "அடக்கமான பொண்ணு" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம் அல்லவா? எதிரில் இருப்பவர் சிரிக்கும்போது சிரிக்க, கண்ணைப் பார்க்க, நலம் விசாரிக்கக் கற்று மறைத்துக்கொள்வதை மாஸ்கிங் என்கிறார்கள். அந்த இரண்டு நாள் களைப்பு அதற்குக் கொடுக்கும் விலையாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கூட்டத்தைக் கண்டு பயப்படும் பதற்ற நோயும் இப்படித் தெரியும், ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடும் தெரியும்; சின்ன வயதில் பட்ட காயமும் தெரியும். ஒன்றுக்கு மேல் சேர்ந்தும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் ஏ.க்யூ. என்ற ஆட்டிசக் கேள்வித்தாளின் 50 கேள்விகளை நிரப்பிப் பாருங்கள், ஆனால் அது மதிப்பீடு ஆகாது. பெரியவர்களைப் பார்க்கும் மனநல மருத்துவரும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் சேர்ந்து செய்ய வேண்டியது. நாங்கள் முக்கியமாகத் தேடுவது உங்கள் ஐந்து வயதை. அம்மாவோ பெரியம்மாவோ இருந்தால் கூட்டிவாருங்கள்; பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய ஒரு வரிகூட உதவும். தேடும்போது "ஆட்டிசமா"ன்னு கேட்காதீர்கள், "நான் சின்னதுல எப்படி விளையாடுவேன்"னு கேளுங்கள்.

என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்கள். மாத்திரை எதுவும் இல்லை. "நான் திமிர் பிடித்தவள், ஒட்டாதவள்" என்று முப்பது வருடமாகக் கேட்ட வார்த்தைகளுக்கு வேறு விளக்கம் கிடைக்கும். கல்யாண வீட்டுக்கு ஒரு மணி நேரம் மட்டும் போய்விட்டு வரலாம், குற்ற உணர்ச்சி இல்லாமல். அலுவலகத்தில் ஓரத்து மேஜையும், வாயால் சொல்வதை மெயிலில் அனுப்பச் சொல்லும் உரிமையும் கேட்கலாம். மகளுக்கும் நீங்கள் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவீர்கள்.

திருச்சி: 2011இல் என் மகனுக்கு "ஆஸ்பெர்கர்" என்று எழுதினார்கள். இப்போது அந்தப் பெயரே இல்லையாமே?

2013இல் டி.எஸ்.எம்.-5 அதை ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலும் 2022 முதல் அப்படியே. பழைய சீட்டு செல்லும், புதிய பெயரில் எழுதித் தருவார்கள். ஒரே பிள்ளைக்கு இந்த ஊரில் ஆஸ்பெர்கர், அந்த ஊரில் ஆட்டிசம் என்று எழுதிக்கொண்டிருந்தோம்; அதனால்தான் கோட்டை அழித்தார்கள். அந்தப் பெயரை விடுவதற்குப் பின்னாளில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பெயருக்குரிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் வியன்னாவில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதியவர். நாஜிக் காலத்தில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஒரு மையத்துக்கு அவர் சில குழந்தைகளை அனுப்பினார் என்பதற்கான ஆவணங்கள் 2018இல் வெளியாகின. எனக்கு அந்தப் பெயர் போனதில் வருத்தமில்லை.

சிங்கப்பூரிலிருந்து: இரண்டு மொழி குழப்பும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று தெரபிஸ்ட் சொன்னார். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

பாட்டி தமிழிலேயே பேசட்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த அறிவுரையால் நடக்கிற கொடுமையை இங்கேயும் பார்க்கிறேன்: இங்கிலீஷில் நாலு வார்த்தைக்கு மேல் வராத அம்மா, "கம்", "சிட்", "ஈட்" என்று பிள்ளைக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்சலே போய்விடும். யாருக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழி.

வேலூர்: ஸ்டெம் செல் சிகிச்சை, லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நகையை வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று செய்யும் கீலேஷனும் வேண்டாம். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதில் இறந்திருக்கிறான். மருத்துவர் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து எழுதினால் அது வேறு விஷயம். கட்டுக்கடங்காத எரிச்சலையும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதையும் குறைக்க. ஆட்டிசத்தை மாற்ற அல்ல.

பெயர் வேண்டாம்: முதல் பிள்ளைக்கு ஆட்டிசம். அடுத்தது பெற்றுக்கொள்ளலாமா?

அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வர ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. வராமல் இருக்க ஐந்தில் நான்கு வாய்ப்பு என்றும் அதையே படிக்கலாம். முடிவு உங்கள் இருவருடையது, மாமியாருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. பெற்றால், குழந்தையின் ஆறாவது மாதத்திலிருந்தே வளர்ச்சியைக் கவனிக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழுப்புரம்: தம்பிக்கு 26. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா.

ஆகாது. தம்பிக்குக் கல்யாணம் வேண்டுமா என்று தம்பியைக் கேட்டீர்களா? வேண்டும் என்றால், வரும் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடலூர்: மகளுக்கு அடுத்த மாதம் 18 ஆகிறது. அதிகம் பேச மாட்டாள். பேங்க்கில் கார்டியன் சான்றிதழ் கேட்கிறார்கள்.

18 முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் காப்பாளரை நியமிக்க உங்கள் மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் லோக்கல் லெவல் கமிட்டி இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். ஊனச் சான்றிதழ், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று கையில் இருக்கட்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் சேர்த்து. எடுக்கவில்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் மகளிடம் ஒருமுறை சொல்லுங்கள், எதற்காக ஆபீசுக்குப் போகிறோம் என்று. படம் வரைந்து காட்டியாவது. அதிகம் பேச மாட்டாள் என்றுதானே சொன்னீர்கள். கேட்க மாட்டாள் என்று சொல்லவில்லையே.