நீலக் குடுவையும் பொருந்தாத அச்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் பழம்பொருள் சந்தையொன்றில், வில்லோ சித்திரம் (சீனப் பாணியில் வில்லோ மரமும் பாலமும் புறாக்களும் உள்ள படம்) அச்சிட்ட நீலநிறத் தேநீர்க் குடுவை ஒன்றை வாங்கினேன். 1790ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றார் விற்றவர். அடியில் ‘இங்கிலாந்து’ என்ற முத்திரை உள்ளது. ஆனால் கைப்பிடிக்கு அருகே கரைச் சித்திரம் பொருந்தாமல் வெட்டுப்பட்டு நிற்கிறது. இது போலியா? இதில் தேநீர் போட்டுக் குடிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வெட்டு குறையன்று. சந்தேகப்பட வேண்டியது விற்றவர் சொன்ன ஆண்டைத்தான்.

செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தில் நீலநிறம் தரும் கோபால்ட் கலந்த எண்ணெய் மையைச் சூடாக்கித் தேய்த்து, சோப்புநீரில் நனைத்த மெல்லிய தாளில் அதை ஒற்றியெடுப்பார்கள். அத்தாளைப் பெண் தொழிலாளர்கள் துண்டு துண்டாக நறுக்கி, மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) ஏறாத பீங்கானின் மீது ஒட்டி, விறைப்பான தூரிகையால் அழுத்தித் தேய்ப்பார்கள். பிறகு தாளைத் தண்ணீரில் கழுவியெடுத்து, எண்ணெய் எரிந்துபோகும்படி ஒருமுறை சூளையிலிட்டு, அதன்பின்னரே மெருகு பூசி மீண்டும் சுடுவார்கள். தட்டுக்கே கரையை ஒட்டுவது கடினம். மூக்கும் கைப்பிடியும் துருத்தி நிற்கும் உருண்டைக் குடுவையில் சித்திரம் எங்காவது முட்டிக்கொள்ளத்தான் செய்யும். கைகள் விரைந்து வேலை செய்த தடம் அது என்பதால் எனக்கு அந்த இடத்தைப் பார்ப்பதில்தான் விருப்பம் அதிகம். ஆயினும் பிற்கால ஒட்டுப்படங்களிலும் இணைப்பு தெரியும் என்பதால், உருப்பெருக்கியால் சித்திரத்தையும் பாருங்கள்: செதுக்கிய கோடுகளும் கையால் குத்திய புள்ளிகளும் தென்பட்டால் செப்புத் தகடு, ஒரே சீரான புள்ளிவலை தெரிந்தால் பிற்கால இயந்திர அச்சு.

வேகம் இத்தொழிலுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் (Guy Green) என்ற இரு அச்சாளர்கள் 1756இல் ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளை அச்சிட்டதாக உறுதிமொழிப் பத்திரம் எழுதினார்கள். 1784இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தபோது தேநீர் எளியவர் வீட்டுக்கும் வந்தது. கையால் தீட்டிய சீனப் பீங்கானை வாங்க முடியாதவர்களுக்கு இங்கிலாந்தின் பீங்கான் தொழில் வட்டாரமான ஸ்டாஃபர்ட்ஷயரின் ஆலைகள் அச்சிட்ட நீலத்தைக் கொடுத்தன. அங்குள்ள ஸ்டோக் நகரில் பீங்கான் ஆலை நடத்திய ஜோசையா ஸ்போட் மெருகின் கீழ் நீல அச்சிடும் முறையைச் செம்மைப்படுத்தியதும் அக்காலத்தில்தான். வில்லோ சித்திரம் 1790 வாக்கில் அவருடைய ஆலையில் உருப்பெற்றதாகக் கருதப்படுகிறது. (அச்சித்திரத்துக்குச் சொல்லப்படும், காதலர்கள் புறாக்களான கதையைச் சீனாவில் தேடாதீர்கள், அது பின்னாளில் இங்கிலாந்தில் புனையப்பட்டது.) விற்றவர் சித்திரத்தின் வயதையே குடுவைக்கும் கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

இறக்குமதியாகும் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டத்தின் விதி 1891இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் பீங்கான் அனுப்பிய ஆங்கில ஆலைகளும் அதன்படி நாட்டின் பெயரைப் பதித்தன. ஆகவே நாட்டின் பெயர் மட்டும் பதிந்த குடுவையைப் பொதுவாக அதற்குப் பிந்தியதாகவே கொள்வார்கள். ‘இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது’ என்று முழுத் தொடராக இருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு.

தேநீர் போட வேண்டாம். பழைய மெருகில் ஈயம் சேர்த்தார்கள். மெருகுத் தொட்டியில் பாத்திரங்களை முக்கியெடுத்த தொழிலாளர்கள் ஈய நஞ்சால் நோயுற்றார்கள். உங்கள் குடுவையின் மெருகில் நுண்விரிசல்கள் ஓடியிருந்தால் அதில் வெந்நீரை ஊற்றுவதே நல்லதன்று. மூக்கின் நுனியைப் புறஊதா விளக்கில் பாருங்கள். உடைந்து ஒட்டியிருந்தால் அவ்விடம் வேறு நிறமாகத் தெரியக்கூடும். அலமாரியில் வைக்க அதுவும் தடையில்லை. 1790க்கு உரிய விலையைக் கொடுத்திருந்தால் மட்டும், முத்திரையைக் காட்டி விற்றவரிடம் பேசிப் பாருங்கள்.