அப்பா, அத்தை, அண்ணன்... அடுத்தது நானா?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. அப்பா 44 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய அக்காவுக்கு 47 வயதில் கருப்பையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாக இருக்கிறார். இப்போது என் அண்ணனுக்கு, 36 வயதுதான், பெருங்குடலில் கட்டி என்று வெட்டி எடுத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கே சாபம் என்று பாட்டி அழுகிறார். அந்த அத்தையின் மகனுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. எனக்கும் வருமா? என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? கல்யாணம் செய்துகொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அயனாவரம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளில் உங்கள் குடும்பத்தை வரைந்து பார்த்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. அப்பா, அத்தை, அண்ணன் என்று மூன்று கறுப்பு, இரண்டு தலைமுறை, மூன்று பேருமே 50 வயதுக்குள். பரம்பரைப் புற்றுநோயைச் சந்தேகிக்க 1999-ல் திருத்திய ஆம்ஸ்டர்டாம் விதி கேட்பதைவிட இது அதிகம். நான் சந்தேகிப்பது லிஞ்ச் சிண்ட்ரோம்.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுப்பதில் பிழைகள் விழும். அவற்றைத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. இவற்றில் ஒன்று பழுதாகப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடலிலும், பெண்களாக இருந்தால் கருப்பையிலும் இளவயதிலேயே புற்றுநோய் வரும் அபாயம் மிக அதிகம். இதுதான் லிஞ்ச் சிண்ட்ரோம். பழுது உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற பேதம் அதற்குக் கிடையாது.

பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தையல் வேலை செய்த ஒரு பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் கருப்பை, வயிறு, குடல் புற்றுநோயில் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று வார்தின் என்ற மருத்துவரிடம் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்தின் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாமல் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைச் சேகரித்து 1913-ல் வெளியிட்டார். பிற்பாடு அதே குடும்பத்தின் வாரிசுகளிடம் எம்.எஸ்.எச்.2 பழுது கண்டுபிடிக்கப்பட்டது. சாபத்துக்குப் பரிகாரம் எனக்குத் தெரியாது, இதற்குத் தெரியும். பாட்டியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தாத்தா பக்கத்திலும் தன் பக்கத்திலும் யாராவது 'வயித்துவலியில' போனார்களா, எந்த வயதில்? நம் வீடுகளில் புற்றுநோயை அந்தப் பெயரில்தான் ஒளித்துவைத்திருக்கிறோம்.

சரி, டெஸ்ட். முதலில் உங்கள் ரத்தத்தைக் கொடுக்காதீர்கள். அண்ணனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவருக்கு எடுத்த கட்டியிலிருந்து நகத்தளவு துண்டுகளை மெழுகில் பதித்து, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் எண் போட்டு வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்பார்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பயாப்ஸி லேபில் எழுதிக் கொடுத்து அதை வாங்கலாம். அந்த மரபணுக்கள் உருவாக்கும் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று ஐ.எச்.சி. என்ற சோதனையில் பார்ப்பார்கள். ஒன்று காணாமல் போயிருந்தால், அண்ணனின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. எம்.எல்.எச்.1 மட்டும் பரம்பரையில் வராத காரணத்தாலும் காணாமல் போகும், அதைப் பிரித்தறிய இடையில் வேறொரு சோதனை உண்டு. அண்ணனுக்கே இதனால் லாபம்தான். இந்த வகைக் கட்டி மறுபடி வந்தாலோ பரவினாலோ இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) நன்றாக வேலை செய்யும்.

அண்ணனிடம் பழுது இன்னதென்று தெரிந்த பிறகு உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அது இல்லை என்று வந்தால் நிஜமாகவே இல்லை, மற்றவர்களுக்கு உள்ள அபாயம்தான் உங்களுக்கும். அண்ணனை விட்டுவிட்டு நேராக உங்களைச் சோதித்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. நம் ஊரில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கான மரபணு ஆலோசனை இருக்கிறது. குடும்ப விவரங்களையும் அண்ணனின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே போங்கள்.

பழுது உங்களுக்கும் இருந்தால்? கொலனோஸ்கோப்பியை (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் சோதனை) 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் (எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 பழுது என்றால் சற்றுத் தள்ளித் தொடங்கலாம்). உங்களுக்கு 27 ஆகிவிட்டது, அதனால் ரிசல்ட் தாமதமானாலும் முதல் கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) இருந்தால் புற்றாக மாறும் முன்பே அங்கேயே எடுத்துவிடுவார்கள். பெண்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். மயக்க மருந்து உண்டு. கஷ்டமெல்லாம் முதல் நாள் குடிக்கும் பேதி மருந்தில்தான். தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, உப்புக் கரிப்போடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் எளிதாக இறங்கும். இளநீர் குடிக்கலாம், பால் வேண்டாம். கீரையும் விதையுள்ள காய்கனிகளும் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பிள்ளை பெற்று முடித்த பிறகு கருப்பையையும் சினைப்பையையும் எடுப்பது பற்றி மகளிர் மருத்துவரிடம் பேசலாம். லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் புற்றுநோயைக் குறைப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது, ஆனால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இனி கல்யாணம். பழுது இருப்பதால் கல்யாணம் கூடாது என்றில்லை. அத்தை மகன் என்பதுதான் இங்கே விஷயம். உங்கள் இருவருக்குமே அதே பழுது இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்தால் (அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு), குழந்தைப் பருவத்திலேயே மூளை, ரத்தம், குடல் என்று எங்கு வேண்டுமானாலும் புற்றுநோய் வரக்கூடும். அதனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருவரும் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். ஒருவருக்காவது இல்லை என்று தெரிந்தால் இந்தப் பயம் வேண்டாம். இருவருக்கும் இருந்தால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதே என் கருத்து. கல்யாணத்துக்கு நாள் குறிக்காவிட்டாலும் அத்தை மகனுக்கு அந்த டெஸ்ட் தேவை. அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவர் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயதில் பெருங்குடல் புற்றுநோய். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. பிள்ளைகள் மூவரும் மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஒரு லேபிலிருந்து பேக்கேஜ் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: இப்போது வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயில் இப்படி ஒரே மரபணுவால் வருவது நூற்றுக்கு ஐந்து போலத்தான். அம்மாவின் பிளாக்கில் ஐ.எச்.சி. செய்தார்களா என்று கேளுங்கள். அது நார்மல் என்றால் பேக்கேஜ் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் மூவரும் 40 வயதில் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தால் அதற்கு முன்பே. 'மூலம்தான்' என்று களிம்பு போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடல் புற்றுநோய், அதையும் முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தார்கள். அந்த இழப்பின் வேதனையில்தான் அவர் அடையாறு நிலையத்தை 1954-ல் தொடங்கினார்.