வலி இல்லை, ஆறு மாதம் ஆச்சு, ஆடலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. கால்பந்து ஆடும்போது முட்டி திருகி, உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்துவிட்டது. பின்தொடையிலிருந்து தசைநார் எடுத்து அந்த இடத்தில் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆறு மாதம் முடிந்தது. வலி சுத்தமாக இல்லை, ஓடுகிறேன், மாடிப்படி ஏறி இறங்குகிறேன். அடுத்த மாதம் டோர்னமென்ட். டீமில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஆடலாமா?

பதில்: வேண்டாம், இந்த டோர்னமென்டை விட்டுவிடுங்கள். இப்படிச் சட்டென்று சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று புரிகிறது, ஆனால் இரண்டாவது தடவை கிழிந்தால் வரும் கஷ்டம் இதைவிடப் பெரியது.

வலி இல்லை என்பதை வைத்துத்தான் நிறையப் பேர் முடிவெடுக்கிறார்கள். உள்ளே வைத்த தசைநார் பழைய இடத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதால் அதற்கு ரத்த ஓட்டம் இல்லை; முதல் சில வாரங்களில் அதிலிருக்கும் செல்கள் பெரும்பாலும் செத்துப்போகும், அப்புறம் புது ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, புது செல்கள் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அது ஜவ்வின் குணத்துக்கு மாறும். இந்த மாற்றம் ஒரு வருடத்தைத் தாண்டியும் நடந்துகொண்டே இருக்கும். நடக்கவும் நேராக ஓடவும் அது போதும். வேகமாக ஓடிவந்து சட்டென்று திரும்புவது வேறு கதை. அந்தத் திருகலைத் தாங்குமா தாங்காதா என்று வலி உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாது.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். இன்னொன்றும் அதில் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: தசை பலம், குதித்தல் போன்ற பரிசோதனைகளில் தேறாமலேயே ஆடப் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி அடிபட்டது, தேறிய பிறகு போனவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் ஒன்பது மாதம் ஆனதும் தானாக அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

பிசியோவிடம் போய் முன்தொடைத் தசையின் பலத்தை மெஷினில் அளக்கச் சொல்லுங்கள், மற்ற காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 சதவீதம் வர வேண்டும். அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது, இத்தனை மாதம் விளையாடாமல் நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் எண் நன்றாகத் தெரியலாம். ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலை அளந்திருந்தால் அந்த அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், குறுக்கும் நெடுக்குமாகத் தாவல், 6 மீட்டர் தூரத்தை எவ்வளவு நேரத்தில் தாவிக் கடக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். தூரம் சரியாக வந்துவிட்டது என்று அதோடு நிறுத்த வேண்டாம். இறங்குவதை முன்னாலிருந்து போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்: முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா, மடங்காமல் விறைப்பாக இறங்குகிறதா, உடம்பு ஒரு பக்கம் சரிகிறதா. தூரத்தை எப்படியோ சமாளித்துவிடும் கால், இறங்கும்போது மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் தேறிய பிறகும் நேரே மேட்சுக்குப் போகாதீர்கள். முதலில் யாரும் மோதாத பயிற்சி, பிறகு மோதல் உள்ள பயிற்சி, சில வாரம் டீமோடு முழுப் பயிற்சி, அதற்கப்புறம் மேட்சில் கடைசிச் சில நிமிடங்கள். நெதர்லாந்து கால்பந்து வீரர் வான் டைக்குக்கு 2020 அக்டோபரில் இதே ஜவ்வில் அடிபட்டது. அடுத்த கோடையில் நடந்த யூரோ போட்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அடுத்த சீசன் தொடக்கத்தில்தான் மேட்சுக்குத் திரும்பினார்.

கேள்வி: ஏசிஎல் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். முட்டி நன்றாக மடங்குகிறது, ஆனால் முழுசாக நீட்ட வரவில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது.

பதில்: அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முட்டி தானாகக் கீழே இறங்கும்படி, தாங்கக்கூடிய நேரம் வரை ஒரு நாளைக்குப் பல தடவை விடுங்கள். மடக்குவது பின்னால் வந்துவிடும், நீட்டுவது தாமதமானால்தான் தொந்தரவு, நடையே கோணலாகிவிடும். கூடவே முன்தொடையை இறுக்கி விடும் பயிற்சியையும் செய்யுங்கள், வீக்கம் இருக்கும்வரை அந்தத் தசை சரியாக வேலை செய்யாது. அடுத்த சில வாரத்திலும் நேராகவில்லை என்றால் சர்ஜனிடம் காட்டுங்கள், புது ஜவ்வுக்கு முன்னால் தழும்புத் திசு கட்டியாகித் தடுப்பதும் உண்டு. ஆடுசதையில் வலியோடு வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, கூடைப்பந்து ஆடுகிறாள். ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து பத்து மாதம் ஆகிவிட்டது, எல்லா டெஸ்டும் பாஸ். ஆனால் பந்துக்குத் தாவப் பயப்படுகிறாள். பயத்தைத் தூக்கிப்போடு என்கிறார் கோச்.

பதில்: அவளுடைய பயத்தையும் ஒரு டெஸ்ட் ரிசல்ட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மனது தயாரா என்று அளக்க 12 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது, பிசியோவிடம் கேளுங்கள். பயத்தோடு தாவும் பிள்ளை விறைப்பாகத்தான் இறங்குவாள். அவள் வயதில் ஆபத்தும் அதிகம்: 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு அதே காலிலோ மற்ற காலிலோ ஜவ்வு கிழிகிறது. தனியாகத் தாவுவது, பந்தோடு தாவுவது, பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது தாவுவது என்று படிப்படியாக, அவளே "அடுத்ததுக்குப் போகலாம்" என்று சொல்லும்வரை போகட்டும். கோச்சிடம் நீங்களே பேசுங்கள், அந்தச் சுமையை அவள் தலையில் வைக்காதீர்கள்.