கோபிஸ் (முட்டைக்கோஸ்) புழுவும் கலப்பு மருந்தும்: கேமரன் மலை ரிங்லெட் கேள்வி பதில்

கே: ஐயா, சைபர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் கலந்து அடித்தேன். கோபிஸ் இலை இன்னும் சல்லடைதான்.

ப: இலையின் அடியைப் புரட்டுங்கள் தம்பி. தின்ற இடத்தில் மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல் நிற்கும். விரல் பட்டால் புழு துடித்து நூலில் தொங்கும். வைரமுதுகுப் பூச்சியின் புழு அது. நீங்கள் கலந்த இரண்டும் பைரித்ராய்டு வகை, குழு 3ஏ (மருந்து பூச்சியை எப்படிக் கொல்கிறது என்பதைக் காட்டும் எண்), நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்கும். ஒன்றைத் தாங்கிய புழு மற்றதையும் தாங்கும். குழு எண் வேறாக இருக்க வேண்டும்: குளோரன்ட்ரனிலிப்ரோல் 28, தசையைப் பிடிக்கும், ஸ்பினோசாட் 5, நரம்பில் வேறு இடம், பிடி (பாக்டீரியா மருந்து) 11ஏ, குடலைக் கெடுக்கும். ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் சாக வேண்டும், அதற்குத்தான் கலப்பதே.

கே: பாதி பாதி அளவு போட்டால் செலவு குறையுமே?

ப: பாதியில் பிழைத்த புழுதான் அடுத்த தலைமுறையைப் பெறும். இரண்டும் லேபிளில் உள்ள முழு அளவு.

கே: கடைக்காரர் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தும் பைரித்ராய்டும் கலந்து தந்தார். ஆறு மாதமாக நன்றாகக் கேட்கிறது. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ப: கேட்கும், மறுக்கவில்லை. பைரித்ராய்டை உடைக்கும் நொதிகள் புழுவின் உடம்பில் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் அவற்றில் சிலதை முடக்கும். ஆனால் ஆறு மாதம் என்றால் நம் குளிரிலும் ஆறேழு தலைமுறை. அதே கலவையை அடித்தால் இரண்டையும் தாங்குவதுதான் மிஞ்சும். இந்தப் பூச்சி டிடிடி என்ற பழைய பூச்சி மருந்தைத் தாங்கியது ஜாவாவில் 1953லேயே பதிவானது.

கே (அவரே): அது பழைய கதை ஐயா.

ப: ஹவாயில் 1990 வாக்கில் பிடியையே தாங்கியது. சரி, உங்கள் பாத்தியையே பாருங்கள். டயடெக்மா குளவி ஒன்றாவது கண்ணில் படுகிறதா? புழுவுக்குள் முட்டையிட்டுக் கொல்லும், மலைக் குளிர் அதற்கு ஒத்துவரும். உங்கள் கலவை முதலில் அதைத்தான் சாய்க்கும். தலைமுறைக்கு ஒரு குழு என்று மாற்றி அடியுங்கள். கலவை தேவைப்படும்போது மட்டும்.

கே: அரை அளவு...

ப: மேலே சொல்லிவிட்டேன். முழு அளவு.

கே: செம்பனைக் கூட்டுப்புழுவுக்கு?

ப: அது எனக்குத் தெரிந்த துறை இல்லை. தோட்டத்து மண்டோரை (மேற்பார்வையாளரை) கேளுங்கள்.

கே: பழைய குளோர்பைரிபாஸ் மிச்சம் இருக்கிறது.

ப: மலேசியாவில் 2023 மே 1 முதல் தடை. அடிக்காதீர்கள்.

கே: கலந்ததும் தயிர்போல் திரிகிறது அண்ணே.

ப: முதலில் தூள், அப்புறம் கூழ் மாதிரி மருந்து, கடைசியில் எண்ணெய் மருந்து. அதே விகிதத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தால் பம்பில் ஊற்றாதீர்கள்.

கே: கலந்து அடித்தால் எப்போது அறுக்கலாம்?

ப: இரண்டு லேபிளில் எதில் காத்திருக்கும் நாள் அதிகமோ, அது முடிந்த பிறகு.