கண்டறியப்பட்டோர் எண்ணிக்கை கூடினால் தொற்று கூடியதாக அர்த்தமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடலூர்ப் பக்கம் எச்.ஐ.வி. கண்டறியப்படுவோர் எண்ணிக்கை கூடிவருவதாகக் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். என் மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். நோய் உண்மையிலேயே பரவுகிறதா? மகளுக்கு இது அவசியமா?

பதில்: அவசியம். தயங்காமல் செய்துகொள்ளட்டும். இது உங்கள் மகளைச் சந்தேகித்துக் கேட்பது அல்ல. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்வதுதான். தாய்க்குத் தொற்று இருந்து சிகிச்சை இல்லாமல் போனால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. காலத்தோடு கண்டறிந்து மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். உங்கள் கடையில் இருப்பு எடுக்கும் நாளில் ஏட்டில் ஏறும் மூட்டையெல்லாம் அன்றைக்கு வந்து இறங்கியதா? எச்.ஐ.வி. கணக்கும் அப்படித்தான். இந்தக் கிருமி எட்டு, பத்து ஆண்டுகள்கூட அறிகுறி காட்டாமல் உடலில் இருக்கும். இந்த ஆண்டு கண்டறியப்பட்ட ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது எப்போதோ இருக்கலாம்.

பரிசோதனை கூடினால் ஏட்டில் எண்ணிக்கையும் கூடும். ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் ஆண்டில் 10,000 பேரைச் சோதித்ததில் 40 பேருக்குத் தொற்று, மறு ஆண்டு 20,000 பேரைச் சோதித்ததில் 50 பேருக்கு. "பத்துப் பேர் அதிகம்" என்று பேச்சு கிளம்பும். ஆனால் ஆயிரத்துக்கு நான்காக இருந்தது இரண்டரையாகக் குறைந்திருக்கிறது. யாரைச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன்பின் நெடுங்காலம், மருந்து கிடைக்காத நோய்க்குப் பரிசோதனை எதற்கு என்று பலர் ஒதுங்கியே இருந்தார்கள். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும், சோதித்துப் பார்க்க ஒரு காரணம் பிறந்தது. 2020 பொதுமுடக்கத்தில் பஸ்கூட ஓடவில்லை. அப்போது வர முடியாதவர்கள் பிற்பாடு வந்தார்கள். சிகிச்சையில் இருப்போர் தொகை ஆண்டுதோறும் கூடினால் அதில் எனக்கு மகிழ்ச்சியே. முன்பென்றால் இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று நம்மோடு வாழ்கிறார்கள்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சிப் பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடலூர், விழுப்புரம் மக்கள் வேறு நோய்களுக்காகப் போகும்போதும் எச்.ஐ.வி. இருப்பது தெரியவரும். தமிழ்நாட்டுக்கு ஒரு கணக்கு, புதுச்சேரிக்குத் தனிக் கணக்கு. ஓர் ஊரின் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? நான் முதலில் பார்ப்பது கர்ப்பிணிகளின் பரிசோதனையை. பயந்து வருகிறவர்கள், நோய் முற்றி வருகிறவர்கள் என்றில்லாமல் எல்லாத் தரப்புப் பெண்களும் ஆண்டுதோறும் அதில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டி நூறு கர்ப்பிணிகளில் ஒருவர் என்ற அளவை எட்டியிருந்த தொற்று, பிறகு வெகுவாகக் குறைந்தது. அது தெரிந்தது இந்தச் சோதனையால்தான். அடுத்து, கண்டறியும்போது சி.டி.4 அணுக்கள், அதாவது இந்தக் கிருமி அழித்துவரும் நோய் எதிர்ப்பு அணுக்கள், எவ்வளவு என்று பார்ப்பேன். 200-க்கும் கீழே இருக்கும் நிலையில் பலர் வந்தால், பல ஆண்டுகளாக அவர்களைத் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். அதுதான் என்னை உறுத்தும்.

மகளுக்குச் செய்வது எளிது. விரல் நுனியில் ஒரு குத்து, சிறு அட்டையில் ஒரு துளி ரத்தம், சில நிமிடக் காத்திருப்பு. தொற்றைக் காட்டும் கோடு அட்டையில் தெரிந்தாலும் அதுவே முடிவல்ல. நம்பிக்கை மையம் எனப்படும் அரசு எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில் மூன்று வெவ்வேறு கருவிகளால் சோதித்த பிறகே உறுதி செய்வார்கள். முடிவை அவள் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், சந்தேகம் இருப்பவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். மருமகனும் அன்றே உடன் போய்ச் சோதித்துக்கொள்ளட்டும், இலவசம்தான். அதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.