டெக்சாஸில் சின்னப் பள்ளி மாவட்டம் ஒன்று டூயல் கிரெடிட் தொழிற்படிப்பு தொடங்க அரசு மானியம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. "வெல்டிங் மாதிரி ஒரு படிப்பை எங்கள் ஹைஸ்கூலில் தொடங்க வேண்டும், முதலில் எந்த மானியத்துக்கு விண்ணப்பிப்பது?" என்று கேட்கிறீர்கள். மானியம் மூன்றாவதாக வர வேண்டிய வேலை. நாங்கள் அதை முதலில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்தோம்.

நான் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பையன் ஒன்பதாவதில் சேர்ந்தபோது, தொழிற்படிப்பு ஆலோசனைக் குழுவுக்குத் தொழில் தெரிந்த பெற்றோர் வேண்டும் என்று பள்ளியில் கூப்பிட்டார்கள். மாதம் ஒரு கூட்டம், டோனட் உண்டு என்றார்கள். போனேன். அப்படித்தான் இதில் மாட்டினேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பள்ளியில் இருக்கும்போதே பக்கத்து கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் காலேஜ்) பாடத்தை எடுத்தால் அது பள்ளிக் கணக்கிலும் ஏறும், காலேஜ் கணக்கிலும் ஏறும். அதுதான் டூயல் கிரெடிட்.

சரி, பணம் எங்கிருந்து வரும்?

முதலாவது ஜெட் (Jobs and Education for Texans) மானியம். மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறையான டெக்சாஸ் ஒர்க்ஃபோர்ஸ் கமிஷன் கொடுக்கிறது. கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் உண்டு, பள்ளி மாவட்டங்களுக்கும் உண்டு. இது கருவிகளை வாங்கி நிறுவுவதற்கான பணம். வாத்தியார் சம்பளத்துக்கு இதை நம்பக் கூடாது. நீங்கள் தொடங்கும் படிப்பு, உங்கள் பகுதியில் ஆள் தேவை அதிகமுள்ள வேலைக்கானதாக இருக்க வேண்டும். மாநிலத்தில் 28 வட்டார ஒர்க்ஃபோர்ஸ் போர்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் பகுதிக்கு வேலைப் பட்டியல் வைத்திருக்கிறது. எங்கள் முதல் விண்ணப்பத்தில் "நம் பிள்ளைகளின் எதிர்காலம்" என்று இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தார்கள், அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வரி கிடையாது. கிடைக்கவில்லை. மறுமுறை உள்ளூர்க் கம்பெனிகள் எத்தனை பேரை எடுக்கத் தயார் என்று கடிதம் வாங்கி இணைத்தோம். கிடைத்தது.

இரண்டாவது பெர்கின்ஸ். இது தொழிற்கல்விக்கான மத்திய அரசுப் பணம், பெர்கின்ஸ் சட்டத்தின்படி வருவது, 2018இல் திருத்தப்பட்டது. பள்ளி மாவட்டத்தின் பங்கில் 70 சதவீதம் ஏழைக் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தும் 30 சதவீதம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தும் முடிவாகும். சின்ன மாவட்டங்கள் இடறும் இடம் ஒன்று உண்டு: கணக்குப் போட்டுப் பார்த்து 15,000 டாலருக்குக் கீழே வந்தால் பொதுவாகத் தனியாகத் தர மாட்டார்கள், பக்கத்து மாவட்டங்களோடு கூட்டுச் சேர வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே மாநிலப் பணத்திலோ உள்ளூர்ப் பணத்திலோ நடக்கும் செலவைத் தூக்கி இதன் தலையில் வைக்கக் கூடாது.

மூன்றாவதை மானியம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். தொழிற்பாடம் படிக்கும் மாணவருக்கு மாநிலம் பள்ளிக்குக் கூடுதல் எடை போட்டுப் பணம் தருகிறது, சாதாரண மாணவர் 1 என்றால் இவர் அதற்கு மேல். 2021இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட பாடத்தொடரில் மூன்றாம் நான்காம் நிலைப் பாடங்களுக்கு 1.47, முதலிரண்டு நிலைகளுக்கு 1.28, தொடரில் சேராத பாடத்துக்கு 1.1. ஒரே வெல்டிங் வகுப்பு, பாடத்தொடருக்குள் இருந்தால் ஒரு தொகை, வெளியே இருந்தால் வேறு தொகை. ஜெட் ஒரு முறை வந்துவிட்டுப் போகும் சீர்வரிசை. இது வருடா வருடம் வரும் படியளப்பு. படிப்பு ஐந்தாவது வருடமும் நடக்குமா என்பதை முடிவு செய்வது இதுதான்.

இப்போது எங்கள் கூத்து. ஆகஸ்டில் மெஷின்கள் வந்து இறங்கின. பட்டறைக் கட்டடத்தின் மின்பலகை அந்தச் சுமையைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. புகை உறிஞ்சும் குழாய்க்கும் யாரும் பணம் ஒதுக்கவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதை. ஜனவரி வரை எல்லாம் பிளாஸ்டிக் சுற்றியபடியே கிடந்தன. பள்ளி போர்டு கூட்டத்தில் ஒருவர், "குறைந்தபட்சம் துரு பிடிக்கவில்லையே" என்றார்.

அதைவிடப் பெரிய தடை வாத்தியார். காலேஜ் கிரெடிட் தர வேண்டுமானால் காலேஜ் அவரை ஏற்க வேண்டும். ஆங்கிலம், கணக்கு மாதிரிப் பாடங்களுக்கு வழக்கமாக முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்திலேயே 18 கிரெடிட் மணி மேற்படிப்பும் கேட்பார்கள். தொழிற்பாடத்துக்கு அவ்வளவு இல்லை. ஒரு அசோசியேட் பட்டமும் (இரண்டு வருடக் காலேஜ் பட்டம்) தொழிலில் நிரூபிக்கக்கூடிய அனுபவமும் போதுமானதாக இருக்கலாம். எங்கள் பள்ளியில் விவசாய எந்திரப் பாடம் எடுத்தவர் அருமையாக வெல்டிங் வைப்பார். ஆனால் பதினைந்து வருட அனுபவத்துக்குக் காகிதம் கிடையாது. வேலை பார்த்த இரண்டு கம்பெனிகள் மூடியே போய்விட்டன. கடிதம் சேர்த்து, காலேஜ் ஏற்று முடிக்க ஒரு பள்ளியாண்டு போனது. வெளியிலிருந்து ஆள் எடுக்கலாமே என்பீர்கள். நல்ல வெல்டருக்குப் பட்டறையில் கிடைக்கும் சம்பளத்தைப் பள்ளி கொடுக்காது.

அதனால் முதல் வேலை காலேஜோடு எழுத்தில் ஒப்பந்தம். யார் பாடம் எடுப்பது, எந்த வளாகத்தில், புத்தகத்துக்கும் தலைக்கவசத்துக்கும் யார் காசு. இரண்டாவது வேலை வாத்தியார். அப்புறம் மானியம்.

கட்டணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023இல் எச்.பி. 8 என்ற மாநிலச் சட்டம் ஃபாஸ்ட் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்கள், இந்த வருடமோ முந்தைய நான்கு பள்ளியாண்டுகளில் ஏதாவது ஒன்றிலோ அந்தத் தகுதி இருந்திருந்தால் போதும், டூயல் கிரெடிட் பாடங்களை இலவசமாக எடுக்கலாம். காலேஜ் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நம் ஆட்களில் சிலர் கூச்சப்பட்டு அந்த உணவுப் படிவத்தை நிரப்புவதே இல்லை. நிரப்புங்கள்.

நம் வீடுகளில் இதைப் பற்றி இருக்கும் இன்னொரு கூச்சமும் தெரியும். ஊரில் ப்ளஸ் டூவில் 'வொகேஷனல் குரூப்' என்றாலே மார்க் குறைந்தவன் என்ற பார்வையில் வளர்ந்தவன்தான் நானும். இங்கே அது அவ்வளவு செல்லாது. ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. வெல்டிங் கிரெடிட்டை நான்கு வருடப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாது. 15 முதல் 42 கிரெடிட் மணி கொண்ட முதல் நிலைச் சான்றிதழுக்கோ, அசோசியேட் பட்டத்துக்கோ அது உதவும். பதினொன்றாவதில் வாங்கும் மோசமான கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும் என்பதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லுங்கள். என் பையன் ஒரு 'டி' வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உங்கள் மகள் பத்தாவது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு முதல் கூட்டத்திலிருந்து முதல் வகுப்பு வரை இரண்டரை வருடம் ஆனது. அந்தக் கணக்கில் உங்கள் பள்ளியில் இது தொடங்கும்போது அவள் வெளியே போயிருப்பாள். குழுவில் சேருங்கள், தாராளமாக. அவளுக்காக மட்டும் இந்த வாரமே கவுன்சலரிடம் ஒன்று கேளுங்கள்: காலேஜ் வளாகத்துக்கே பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்பும் ஏற்பாடு இப்போது இருக்கிறதா, இல்லையென்றால் அவளே காரில் போய்வர அனுமதிப்பார்களா என்று.